கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையும் கூடி வாசிக்கும் மரபும்

ஒரு நகரில் நூலகம் எப்போது தோன்றியது என்று வினவினால், ஆண்டைக் குறிப்பிட்டு விடையிறுத்துவிடலாம். அந்நகர மக்கள் எப்போது கூடி வாசிக்கத் தொடங்கினர் என்று வினவினால் விடை எளிதில் கிட்டாது. கட்டடத்திற்கு ஆவணம் உண்டு. கூட்டத்திற்குப் பெரும்பாலும் இல்லை. ஆயினும் ஒரு மொழியின் வாழ்வை அறிய விரும்புவோர்க்கு இரண்டாவது வினாவே முதன்மையானது. பினாங்குத் தமிழரைப் பொறுத்தவரை அவ்வினாவிற்கு விடை தேட முற்படுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நாம் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே. தமிழரிடையே நூலகத்தினும் வாசகர் அவை மூத்தது. பினாங்கில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தன. அவை கூடிய பழைய இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவரும் இந்நாளில், பொது நூலகத்தில் மாதந்தோறும் பெரியவர்கள் கூடி ஒரு நூலைப் பற்றி உரையாடுவது பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. தமிழ் வாசிப்பு அடுத்த தலைமுறையில் நிலைபெறுமா என்பதே அதனோடு பிணைந்துள்ளது.

ஒரு சாலை, இரு முனைகள்

ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, ஆங்கிலேயர் காலத்தில் பிட் தெரு எனப்பட்டது. பிரித்தானியத் தலைமை அமைச்சர் வில்லியம் பிட்டின் பெயர் அது. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டபின் வகுக்கப்பட்ட முதல் தெருக்களுள் இதுவும் ஒன்று. வடமுனையில் புனித ஜார்ஜ் தேவாலயமும் உயர்நீதிமன்றமும் நிற்கின்றன. சற்றுத் தெற்கே சீனரின் குவான் யின் கோயில். அதற்கு அருகிலுள்ள குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். அப்பால் சாலைக்குப் பெயரளித்த பள்ளிவாசல். பல சமயத்தார் வழிபாட்டிடங்கள் அடுத்தடுத்து அமைந்தமையால் இதனை நல்லிணக்கத் தெரு என்று வழங்குவர். 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டபோது எடுத்துக்காட்டப்பட்ட சிறப்புகளுள் இச்சாலையின் இவ்வியல்பும் அடங்கும்.

இச்சாலையை வழிபாட்டிடங்களின் வரிசையாக மட்டும் காண்பது வழக்கம். நாம் அதனை வாசிப்பிடங்களின் வரிசையாகக் காண முயல்வோம். 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அங்கு நடந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாயாகக் கொண்டு 2016இல் இருநூற்றாண்டு விழா எடுத்தோம். அடுத்த ஆண்டில், அதாவது 1817இல், பினாங்கு நூலகம் தோன்றியது. சந்தா செலுத்துவோர்க்குரியதாகவும் பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கொண்டதாகவும் இருந்த அந்நூலகம், பிற்காலத்தில் நெடுநாள் உயர்நீதிமன்றக் கட்டடத்திலேயே இயங்கியது. எனவே சாலையின் ஒரு முனையில் நூலகம் இருந்தது. மறுமுனையில், பள்ளிவாசலைச் சூழ்ந்தும் சூலியா தெரு, கடைத்தெரு, செட்டியார் கிட்டங்கிகள் நின்ற பினாங்குத் தெரு ஆகியவற்றிலும் தமிழர் வாழ்ந்தனர். இரு முனைகளுக்கும் இடையே நடந்து கடக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆயினும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் கடையில் கணக்கெழுதியவரும் அந்நூலகத்தின் வாசகராக எண்ணப்பட்டவர் அல்லர்.

அவ்வாறாயின் அவர்கள் வாசிக்கவில்லையா? வாசித்தனர். நூலகம் இன்றி வாசித்தனர், கூடி வாசித்தனர்.

அவையில் பிறக்கும் நூல்

இதனை விளங்கிக்கொள்ளத் தமிழரின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். நம் மரபில் ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்டமையால் மட்டும் நூலாகிவிடுவதில்லை. அவை முன் படிக்கப்பட்டு, தடைகள் எழுப்பப்பட்டு, அவற்றிற்கு விடை கூறப்பட்டு, ஏற்கப்பட்ட பின்னரே அது நூலாகும். இதுவே அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய செய்தியை அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. ஆசிரியனும் வாசகனும் ஒரே இடத்தில் அமர்ந்து நூலைப் பற்றி வினவியும் விடுத்தும் நிகழ்த்தும் உரையாடல், தமிழில் நூல் என்னும் கருத்தின் உள்ளேயே இருந்தது எனலாம்.

எழுத்தறியாதார்க்கும் அவ்வவையில் இடம் இருந்தது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட்டதைக் குறிப்பிடுகிறது. ஏட்டை வைத்துக்கொள்வதற்கு அன்று, அதனைப் பலர் கேட்க வாசிப்பதற்கே அக்கொடை அளிக்கப்பட்டது. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இம்முறை பிற்காலத்தில் பெரிய எழுத்து நூல்களின் வழியாக ஊர்த் திண்ணைகளுக்குச் சென்றது. அங்கிருந்து கப்பலேறி மலாயாவின் தோட்டங்களுக்கும் வந்தது.

கூடி உரையாடுவதன் பயனை 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கணக்கிட்டே காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்றாக உளங்கொண்டாலும் மாணாக்கன் அடைவது கால் பங்குப் புலமைதான். உடன் கற்போரோடு பயில்வதால் மற்றொரு கால் பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைவுறும். இக்கணக்கை ஆசிரியப் பெருமக்கள் ஊன்றிக் கருத வேண்டுகிறோம். வகுப்பறை முழுமையாக வெற்றி பெற்றாலும் நாற்பங்கில் ஒரு பங்கையே அளிக்க வல்லது என்று நம் இலக்கணமே ஒப்புகிறது. மற்ற முப்பங்கிற்கும் வேறோர் இடம் வேண்டும்.

கடல் கடந்த வாசிப்பு

கப்பித்தான் கெலிங் எனப்பட்ட காதிர் முகைதீன் மரைக்காயர் சோழமண்டலக் கரையின் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகர். 1801இல் துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் வழங்கப்பட்ட நிலத்தில் இப்பள்ளிவாசல் எழுந்தது. பரங்கிப்பேட்டை துறைமுகம் மட்டுமன்று. தமிழ் இலக்கிய வரலாற்றிலும் பெயர் பெற்ற ஊர். உமறுப்புலவர் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கிய சீறாப்புராணம், அவர் மறைவுக்குப்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையோடு அங்கேயே அரங்கேறியது என்பர். ஒரு பெருங்காப்பியத்தை அவையில் கேட்டு மகிழ்ந்த ஊரின் வழிவந்தோர், பிட் தெருவின் தென்பகுதியில் குடியமர்ந்த முதல் தமிழருள் இருந்தனர். சரக்கோடு அவர்கள் கொண்டுவந்தவற்றுள் அவையில் அமர்ந்து தமிழ் கேட்கும் பழக்கமும் ஒன்று என்று கருதுவது பொருத்தமே.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சு இம்மரபோடு இணைந்தது. 1872இல் சிங்கப்பூரில் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு வெளியானது. அந்நகரில் கிடைத்துள்ள தமிழ் நூல்களுள் அதுவே மிகப் பழையது. 1887 முதல் 1890 வரை சி. கு. மகுதூம் சாயபு அங்கே சிங்கை நேசன் இதழை நடத்தினார். 1888இல் அவ்விதழில் அவர் எழுதிய விநோத சம்பாஷணையைத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒன்றாக ஆய்வாளர் சிலர் கொள்வர். அப்பெயரே ஓர் உரையாடலைச் சுட்டுவது கவனிக்கத்தக்கது.

பினாங்கும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்கில் தங்கி, வித்தியா விசாரிணி என்னும் இதழுக்கு ஆசிரியராக விளங்கினார். பிற்காலத்தில் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கத்தின் புலவருள் ஒருவராகவும் அவர் திகழ்ந்தார். விசாரணை என்னும் சொல்லை அவ்விதழ் தன் பெயரிலேயே தாங்கியது. கற்றதை ஆராய்ந்து வினவுதல் என்பதே அதன் பொருள். அக்கால இதழ்களில் வாசகர் கடிதங்கள் பெற்றிருந்த இடத்தை நோக்கினால், அச்சுத்தாள் ஓர் அவையாகவே செயற்பட்டமை விளங்கும். ஓர் ஊரின் ஐயத்திற்கு மற்றோர் ஊரார் விடையெழுதினர். கடைத்திண்ணையில் எழுத்தறிந்த ஒருவர் இதழை உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டுக் கருத்துரைத்தனர்.

அயலார் அளித்த எடுத்துக்காட்டு

வாசகர் கூட்டம் அமைப்பாக உருப்பெறும் முறையைக் காட்ட, இதே நகரில் மலாய் மொழியில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். சையது ஷேக் அல்-ஹாதி 1927இல் பினாங்கில் ஜெலுத்தோங் அச்சகத்தை நிறுவினார். அங்கிருந்து 1928இல் சவுடாரா இதழ் வெளிவரத் தொடங்கியது. 1934இல் அவ்விதழின் இளையோர் பக்கம் ஒன்று, வாசகர் ஒருவரோடொருவர் எழுத்தால் நட்புக்கொள்ள வழிவகுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்வாசகர்கள் தைப்பிங்கில் நேரில் கூடினர். சஹபாட் பெனா, அதாவது எழுதுகோல் நண்பர் என்னும் அவ்வியக்கம் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினரைப் பெற்று, மலாய் மொழி வளர்ச்சிக்கு உழைத்த பெரும் அமைப்பாயிற்று. இதழில் ஒரு பக்கம், அதன்வழி நட்பு, பின்னர் நேரில் ஒரு கூட்டம் என அது வளர்ந்த வரிசையை நாம் மனத்திற் கொள்வோம்.

மேலைநாட்டிலும் இவ்வரிசை மாறவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் 1727இல் நண்பர் சிலரைச் சேர்த்து ஜுன்டோ என்னும் உரையாடற் குழுவை அமைத்தார். விவாதத்தில் எழும் ஐயங்களைத் தீர்க்க நூல்கள் தேவைப்பட்டன. அதன் விளைவாக 1731இல் சந்தா நூலகம் ஒன்று பிறந்தது. அங்கே உரையாடல் முந்தியது, நூலகம் பிந்தியது. பினாங்கிலோ சாலையின் வடமுனையில் நூலகம் இருந்தும் தமிழரின் உரையாடல் அதனுள் நுழையாமல் வெளியிலேயே நடந்தது. அதனால் தமிழ் வாசகர் பேசிய பேச்சு எங்கும் பதிவாகவில்லை. அவர்களுக்கு வேண்டிய நூல்கள் எவை என்பதும் நூலகத்திற்குத் தெரியவில்லை.

கதை வகுப்பு

போருக்குப் பிந்திய மலாயாவில் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தவை நாளிதழ்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற தமிழ் நேசன், 1950இல் கதை வகுப்பு என்னும் அரிய முயற்சியை மேற்கொண்டது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். சிறுகதை என்பது யாது, அதனை எவ்வாறு வாசிப்பது, எவ்வாறு எழுதுவது என்று இதழில் பாடங்கள் வெளியாயின. வாசகர்கள் கதைகளை எழுதியனுப்ப, அவை மதிப்பிடப்பட்டன. அதனையடுத்து, கோ. சாரங்கபாணி 1935இல் நிறுவிய தமிழ் முரசு இதழில் ரசனை வகுப்பு நடைபெற்றது. அது வெளியான கதைகளின் நிறைகுறைகளை அலசியது. மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் அடுத்த தலைமுறையில் கணிசமானோர் இவ்வகுப்புகளின் வழி வளர்ந்தவர்கள்.

இங்கு நாம் கருதத்தக்கது யாதெனில், இவ்வகுப்புகளில் பயின்றோர் பள்ளி மாணாக்கர் மட்டுமல்லர். உழைத்துப் பொருளீட்டிய பெரியவர்கள் அவர்களுள் பலர். தோட்டத்தில் வேலை செய்தோர், எழுத்தர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எனப் பல திறத்தார். பள்ளிக்கு வெளியே, தேர்வு இன்றி, பட்டம் இன்றி அமைந்த தமிழ்க் கல்வி அது. பவணந்தியார் கூறிய எஞ்சிய முப்பங்கிற்கு அந்நாளில் கிடைத்த இடம் அதுவே.

மறைந்த இடங்கள்

2019இன் தொடக்கத்தில் தமிழ் நேசன் நின்றுபோயிற்று. 1924 முதல் தலைமுறை தலைமுறையாக வாசகரைத் திரட்டிய ஓர் அவை அன்று கலைந்தது. இதழை உரக்கப் படித்த திண்ணைகள் அதற்கு முன்னரே மறைந்துவிட்டன. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது தோட்டத்துப் படிப்பகங்களும் அவற்றோடு சிதறின. ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியிலும் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியபின் பல குடும்பங்கள் வெளியேறின. வீடுகள் இருந்த இடங்களில் விடுதிகளும் உணவகங்களும் வந்தன. கட்டடங்கள் காக்கப்பட்டன; அவற்றில் கூடிய மக்கள் அகன்றனர்.

மறுபுறம் பள்ளியின் எல்லையையும் நோக்க வேண்டும். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம். தமிழ் இலக்கியம் விரும்பி எடுப்போர்க்குரிய மற்றொரு பாடம். 17 வயதில் எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின், பல்கலைக்கழகத்தில் தமிழைத் துறையாகக் கொள்ளாத இளைஞர் ஒருவர் தமிழ் நூலொன்றைக் குறித்துப் பிறரோடு பேசுவதற்கு ஏற்ற இடம் அரிதாகிறது. எழுதப்படிக்கத் தெரிந்தும் வாசிக்காத ஒரு தலைமுறை உருவாவது இவ்வாறுதான். அத்தலைமுறையைச் சோம்பல் என்று பழிப்பது எளிது. அவர்களுக்கு அவை இல்லை என்பதே வரலாறு காட்டும் காரணம்.

நூலகத்தினுள் அவை

இக்குறைக்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழுலகில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. சென்னையில் 1970இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, ஒவ்வொரு மாதமும் இதழ்களில் வெளியான சிறுகதைகளை ஒருவர் வாசித்து ஒன்றைத் தேர்ந்து அவையில் காரணம் கூறும் முறையைக் கைக்கொண்டது. ஆண்டிறுதியில் பன்னிரு கதைகளுள் சிறந்தது தெரிந்தெடுக்கப்பட்டு, தொகுதியும் வெளியிடப்பட்டது. பெரும் பொருட்செலவு இன்றி மாதம் ஒருமுறை கூடுவதாலேயே ஒரு காலத்தின் இலக்கியச் சுவைக்கு அது பதிவேடாயிற்று.

நூலகத்தை மக்களிடம் கொண்டுசெல்வதிலும் நமக்கு முன்னோடிகள் உண்டு. எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் அமைத்து ஊர் ஊராக அனுப்பினார். தமிழ்நாட்டில் 1948இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்கீழ் வளர்ந்த நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டங்கள் இயங்கிவருகின்றன. சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2005இல் தொடங்கிய வாசிப்போம் சிங்கப்பூர் இயக்கம், நான்கு மொழிகளிலும் நூல்களைத் தெரிந்து குழுக்களாக உரையாட ஊக்குவித்தது. அங்கு அங் மோ கியோ நூலகத்தில் தமிழ் வாசகர் வட்டம் மாதந்தோறும் கூடியமை, நூலகமும் அவையும் ஓரிடத்தில் சேர்ந்ததற்குத் தெளிவான சான்று. பினாங்கிற்கு அண்மையில், கெடா மாநிலத்துக் கூலிமில் நவீன இலக்கியக் களம் என்னும் குழுவினர் நூல்களை வாசித்துக் கூடிப் பேசியதும் நாமறிந்ததே.

இம்முன்மாதிரிகளிலிருந்து பெறத்தக்க நெறிகள் சில உண்டு. முதலாவது, நாள் மாறலாகாது. ஒவ்வொரு மாதமும் அதே கிழமை, அதே நேரம் என்று வகுத்தால் மக்கள் நினைவில் நிற்கும். இரண்டாவது, கூட்டம் சிறிதாக இருத்தல் நன்று. பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்தால் அனைவரும் பேசுவர். நூறு பேர் வரிசையில் அமர்ந்தால் ஒருவர் பேச மற்றோர் கேட்பர், அது சொற்பொழிவாகிவிடும். மூன்றாவது, நூல் கிடைக்க வேண்டும். ஒரே நூலின் பல படிகளை நூலகம் வாங்கி வைத்து, ஒரு மாதம் முன்னதாக வழங்குதல் இன்றியமையாதது. தனியொருவர் வாங்க இயலாததை நூலகம் வாங்க இயலும். அவை நூலகத்தினுள் நடைபெற வேண்டியதற்கு இதுவே நடைமுறைக் காரணம். நான்காவது, தொடங்கிவைப்பவர் தீர்ப்புக் கூறாமல் வினா எழுப்புதல் வேண்டும். அரங்கேற்ற அவையின் உயிர் தடையும் விடையுமே. ஐந்தாவது, ஒவ்வொரு கூட்டத்தின் கருத்துகளும் சுருக்கமாக எழுதி வைக்கப்பட வேண்டும். திண்ணையில் பேசப்பட்டவை காற்றோடு போயின. இனிப் பேசப்படுபவை அவ்வாறு போதல் ஆகாது.

நூற்பட்டியலைப் பற்றியும் ஒன்று கூறுவோம். பழந்தமிழ் இலக்கியத்தோடு நின்றுவிட்டால் இளையோர் விலகுவர். புதியவற்றோடு நின்றுவிட்டால் முதியோர் விலகுவர். ஒரு மாதம் மலேசிய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுதி, மறுமாதம் தமிழ்நாட்டு அல்லது ஈழத்து நாவல், அடுத்து மலாய் அல்லது சீன மொழியிலிருந்து தமிழாக்கம் பெற்ற படைப்பு, அதன்பின் செவ்விலக்கியத்தின் ஒரு பகுதி என மாறிமாறி அமைத்தல் தக்கது. பல மொழியார் அருகருகே வாழும் சாலையில் பிறக்கும் வாசகர் வட்டம், அண்டைவீட்டாரின் கதையையும் தமிழில் வாசிக்க வேண்டும் அன்றோ?

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

வகுப்பறையில் ஆசிரியர் அறிந்தவர், மாணவர் அறியாதவர். வாசகர் வட்டத்தில் இவ்வேறுபாடு தளர்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் துறைமுகப் பணியாளரும் கல்லூரி மாணவியும் ஒரே நூலை வாசித்துவிட்டு ஒரே மேசையைச் சுற்றி அமரும்போது, ஒவ்வொருவரும் தம் வாழ்வறிவிலிருந்து மற்றவர் காணாத ஒன்றைக் காண்பர். கப்பலில் வேலை செய்தவர் கடற்கதையைப் படிக்கும் முறை வேறு. தோட்டத்தில் பிறந்தவர் தோட்டத்து நாவலைப் படிக்கும் முறை வேறு. மாணவர் இதனை நேரிற் கண்டால், நூல் என்பது தேர்வுக்குரிய விடைகளின் தொகுப்பு என்ற எண்ணம் தானே நீங்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மிடம் முன்பு பயின்று இன்று வளர்ந்துவிட்ட மாணவர் இருவரை இத்தகைய வட்டத்திற்கு அழைத்துவந்தாலே, 28 பள்ளிகளுள்ள இம்மாநிலத்தில் ஒன்றன்று, பல வட்டங்கள் அமையும்.

பினாங்கு நூலகம் இன்று 1817இல் இருந்த சந்தா நூலகமன்று. 1970களில் அது மாநிலப் பொது நூலகமாக உருமாறியது. 2016இல் கிரீன் லேன் பகுதியில் மின்னியல் நூலகமும் திறக்கப்பட்டது. அதன் வாயில் எவர்க்கும் அடைபட்டதாக இல்லை. அன்று நம் முன்னோரைத் தடுத்தவை சந்தாவும் மொழியும். இன்று அத்தடைகள் நீங்கிவிட்டன. நாம் சென்று இடம் கேட்பதே எஞ்சியுள்ளது. மாதத்தில் ஒரு பிற்பகல், ஓர் அறை, பதினைந்து நாற்காலிகள், ஒரே நூலின் பதினைந்து படிகள் ஆகியவை போதும். முதல் மாதத்தில் ஐவரே வரினும் கூட்டத்தை நடத்துக. வந்த ஐவரின் கருத்தையும் ஏட்டில் எழுதி வைத்து, அடுத்த மாத நூலின் பெயரை அறிவித்தபின் கலைக.